சூரியன் உச்சியில் நிற்கும் ஊரில் உருவப்படம்: இயற்கை வெளிச்சத்தைக் கையாளும் முறை

இயற்கை வெளிச்சத்தில் உருவப்படம் எடுப்பதைப் பற்றிய பாடங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. வடக்கு பார்த்த ஜன்னலைத் தேடுங்கள், மாலைப் பொன்வெயிலுக்குக் காத்திருங்கள் என்ற இரண்டு அறிவுரைகள் அவற்றில் தவறாமல் இருக்கும். லண்டனிலும் பாரிசிலும் அவை சரியானவை. ஏறத்தாழ 8 முதல் 13.5 டிகிரி வரையிலான வட அட்சரேகைகளுக்குள் அமைந்த தமிழ்நாட்டில் அவற்றை அப்படியே கடைப்பிடித்தால் ஏமாற்றமே மிஞ்சும். சென்னையில் ஏப்ரல் 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாட்களில் அது உச்சியைத் தாண்டி வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையில் வடகிழக்கிலிருந்தும் மாலையில் வடமேற்கிலிருந்தும் சாய்ந்து வரும் வெயில், எப்போதும் மென்மையான ஒளி தரும் என்று நம்பப்படும் அதே வடக்கு ஜன்னலுக்குள் நுழைந்துவிடும். அப்போது தெற்கு ஜன்னல்தான் நாள் முழுவதும் நிலையான ஒளியைத் தரும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழாகி, வடக்கு ஜன்னல் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும்.

ஆகவே இந்த வழிகாட்டி நம் வீடுகளையும் நம் சூரியனையும் வைத்தே எழுதப்படுகிறது. விலையுயர்ந்த கேமரா தேவையில்லை, கைப்பேசியே போதும். ஆளை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது என்ற முடிவுதான் படத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

முதல் படி: கேமராவை எடுக்காமல் பார்ப்பது

வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் தொடக்கத்தில் எல்லோரும் கவனிக்கிறோம். உருவப்படத்துக்கு அதைவிட முக்கியமானவை இரண்டு: ஒளி எங்கிருந்து வருகிறது, அது வரும் பரப்பு எவ்வளவு பெரியது. திசையை அறிய எதிரில் இருப்பவரின் கண்களைப் பாருங்கள். கருவிழியில் ஜன்னலோ வானமோ சிறு வெண்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி கண்ணின் மேற்பாதியில் ஒரு பக்கமாக அமைந்தால் முகத்துக்கு நல்ல வடிவம் கிடைக்கும். புள்ளியே தெரியவில்லை என்றால் கண் குழிக்குள் வெளிச்சம் போகவில்லை என்று பொருள். அந்த இடத்தில் எடுக்கும் படத்தில் எவ்வளவு மலர்ந்த முகமும் களைத்தே தெரியும்.

பரப்பை அறிய நிழலின் விளிம்பைப் பாருங்கள். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான் என்பதால், நேர்வெயிலில் மூக்கின் நிழல் வெட்டியதுபோல் விழுகிறது. மேகம் மூடினால் வானம் முழுவதுமே ஒளி மூலமாகி, நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் கரைந்துவிடும். இங்கே பரப்பு என்பது ஆளின் தொலைவைப் பொறுத்தது. ஒரு மீட்டர் அகல ஜன்னலை ஒட்டி அமர்ந்தவருக்கு அது பெரிய மூலம். அறையின் மறுகோடியில் நிற்பவருக்கு அதுவே சிறிய, கடினமான மூலம்.

இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. கையை முகத்துக்கு நேராக நீட்டி, விரல்களை மடக்கி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் மூட்டுகளில் விழும் நிழல் எந்தத் திசையில் ஆழமாகிறது, எந்தத் திசையில் மறைகிறது என்பது அந்த இடத்தின் ஒளியைப் பற்றிப் பெரும்பாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். புதிதாக நுழையும் எந்த அறையிலும் இதைச் செய்து பாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு ஜன்னல்

கற்றுக்கொள்ள ஜன்னலைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் அங்கே ஒளி ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. முதலில் அறையின் டியூப்லைட்டையும் எல்இடி விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியின் நிறம் வேறு, விளக்கின் நிறம் வேறு. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறுகன்னம் மஞ்சளாகவும் தெரியும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. எதிர்ப்பக்க ஜன்னல்கள் திறந்திருந்தால் அவற்றையும் சாத்துங்கள்.

இப்போது ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி அமர்த்தி, முகத்தை ஜன்னல் பக்கம் சிறிது சிறிதாகத் திருப்பச் சொல்லுங்கள். முழுப் பக்கவாட்டில் பாதி முகம் இருளில் இருக்கும். முகம் திரும்பிக்கொண்டே வரும்போது, நிழலில் உள்ள கன்னத்தின் மேல், கண்ணுக்குக் கீழே, சிறு முக்கோணமாக ஓர் ஒளித்துண்டு தோன்றும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் தம் உருவ ஓவியங்களில் இதை மிகுதியாகக் கையாண்டதால் இந்த அமைப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்னும் திரும்பினால் முக்கோணம் விரிந்து முகம் முழுவதும் ஒளி பரவும். இந்த மூன்று நிலைகளையும் ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட்டால் பிறகு எங்கே போனாலும் அவற்றை அடையாளம் காண முடியும்.

நீங்கள் நிற்கும் இடமும் படத்தை மாற்றும். முகம் ஜன்னல் பக்கம் சற்றுத் திரும்பியிருக்க, நீங்கள் அதன் நிழல் பக்கத்திலிருந்து எடுத்தால், கேமராவுக்கு அருகில் உள்ள கன்னம் மங்கி, அப்பால் உள்ள கன்னம் ஒளிர்ந்து, முகத்துக்கு ஆழம் கிடைக்கும்; அகன்ற முகமும் ஒடுங்கித் தெரியும். ஜன்னலை ஒட்டி நின்று ஒளி பட்ட பக்கத்திலிருந்து எடுத்தால் முகம் தட்டையாகவும் அகலமாகவும் தெரியும். இரண்டில் முதலாவதையே நான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பேன். மெலிந்து கன்னம் ஒட்டிய முகத்துக்கு மட்டும் இரண்டாவது பொருந்தும்.

தொலைவு அடுத்தது. ஒரு மீட்டர் அளவுள்ள ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இருப்பவரை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால், அவர்மேல் விழும் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆள் ஜன்னலுக்கு மிக அருகிலும் பின்சுவர் தொலைவிலும் இருந்தால், முகத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) வைக்கும்போது சுவர் தானாகவே இருண்டு, அலமாரியும் நாட்காட்டியும் சுவரில் தொங்கும் ஒயரும் மறைந்துவிடும். கறுப்புத் திரை வாங்கத் தேவையில்லை.

பழைய வீடுகளில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள் கொண்ட மர ஜன்னல்கள் இன்னும் இருக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள். கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல் கதவுகளை மட்டும் திறந்தால் ஒளி கண்மட்டத்துக்கு மேலிருந்து இறங்கும். மூக்கின் நிழலும் தாடையின் நிழலும் இயல்பாகக் கீழே விழும். தரை வரை நீளும் இன்றைய அடுக்குமாடி ஜன்னல்களில் இந்த வசதி இல்லை. அங்கே கீழ்ப்பகுதியைத் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேராக உள்ளே விழும் நேரமென்றால் மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் கட்டிவிடுங்கள். கம்பிகளின் நிழலும் போய்விடும், ஜன்னலே பெரிய மென்மையான விளக்காகவும் ஆகிவிடும். கரை வைத்த வேட்டியானால் கரையை மடித்துவிடுவது நல்லது. பச்சைக் கரை வழியாக வரும் ஒளி பச்சையாகத்தான் இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் 1863 இறுதியில், 48 வயதில், முதல் கேமராவைப் பெற்று, இங்கிலாந்தின் வைட் தீவில் தம் வீட்டுக் கோழிக்கூடத்தைக் கண்ணாடி அறையாக்கி அதில் எடுத்த முகங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் வரை ஆள் அசையாமல் இருக்க வேண்டியிருந்த காலம் அது. 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர் 1879இல் மலையகத்திலேயே காலமானார். கருவி பெரிதும் மாறிவிட்டது. ஒரு பக்கத்து ஒளியை அளந்து பயன்படுத்தும் கணக்கு மாறவில்லை.

மூன்றாம் படி: நிழல் பக்கத்தை என்ன செய்வது

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள கன்னம் மிகவும் இருண்டால் அங்கே ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கான ரிஃப்ளெக்டர் பலகை கடையில் கிடைக்கும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையே போதும். படப்பிடிப்புத் தளங்களில் ஒளிப்பதிவாளர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள். அட்டையை முகத்துக்கு அரை மீட்டர் வரை கொண்டுவந்து, நிழல் எவ்வளவு தெளிகிறது என்று பார்த்துப் பின்னுக்கு நகர்த்துங்கள். வெள்ளி நிறத் தாள் ஒட்டிய பரப்பு உள்ளறையில் பெரும்பாலும் மிகையாகிவிடும். பொன்னிறம் நம் தோலை மேலும் மஞ்சளாக்கும். மந்தமான வெள்ளையே பாதுகாப்பானது.

எல்லா நிழலையும் நிரப்ப வேண்டியதில்லை. வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த சிறிய அறையில் ஒளி எல்லாப் பக்கமும் மோதித் திரும்பி, முகத்தின் மேடு பள்ளங்களே இல்லாமல் போய்விடும். அப்போது தேவைப்படுவது இதற்கு எதிரானது: நிழல் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையையோ அடர்நிறப் போர்வையையோ, படச்சட்டத்துக்குள் வராதபடி, முகத்துக்கு அருகில் பிடித்தால் அந்தக் கன்னம் ஆழ்ந்து, தாடையின் கோடு எழுந்து வரும். வயதானவர்களின் முகத்துக்கு இது மிக நன்றாக அமையும்.

நான்காம் படி: திண்ணை, வாசல், முற்றம்

வெளியே எடுக்கும்போது முதலில் தேடவேண்டியது வெயிலும் நிழலும் சந்திக்கும் கோடு. திண்ணையிலோ, கடைவாசலின் கூரைக்குக் கீழோ, அந்தக் கோட்டுக்கு இரண்டு அடி உள்ளே ஆளை நிறுத்தி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்புங்கள். தலைக்கு மேல் கூரை இருப்பதால் உச்சியிலிருந்து வரும் ஒளி தடைபடுகிறது. எதிரே உள்ள வானமும் வெயில் பட்ட எதிர்வீட்டுச் சுவரும் பெரிய ஒளிப்பரப்பாக முகத்துக்கு நேரே நிற்கின்றன. கண்களில் வெண்புள்ளி தெளிவாக விழும். உள்ளே போகப்போக ஒளி மங்கி ஒரு பக்கச் சாய்வு கூடும். ஒவ்வோர் அடியிலும் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் எந்த அடி நல்லது என்பது புரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது சுற்றியுள்ள பரப்புகளின் நிறம். எதிர்ச்சுவர் இளம்பச்சையாக இருந்தால் கன்னமும் பச்சையாகும். சிவப்பு ஆக்சைடு பூசிய தரை தாடைக்கடியில் செம்மையை ஏற்றும். அது சில நேரம் அழகு, சில நேரம் இடைஞ்சல். வெயில் பட்ட சிமெண்டுத் தரை காலடியிலிருந்தே ஒளியை வீசி, மூக்குத்துளைகளுக்கும் தாடைக்கும் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும். ஒரு கோணிச் சாக்கையோ கறுப்புத் துணியையோ முன்னால் விரித்தால் அது அடங்கும்.

முற்றம் வைத்த வீடு கிடைத்தால் ஆளை முற்றத்தின் நடுவில் நிறுத்தாமல், சுற்றுத் தாழ்வாரத்தில், தூணுக்கு அருகில் நிறுத்துங்கள். நடுவில் ஒளி தலைமேல் இறங்கும். தாழ்வாரத்தில் அது பக்கவாட்டு ஒளியாக மாறிவிடும். முற்றத்து ஒளியின் இந்தத் தன்மையை ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா நுட்பமாகக் கவனித்திருந்தார். சத்யஜித் ராயின் 1956ஆம் ஆண்டுப் படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மீது அடித்துத் திருப்பி, வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளியை அவர் உருவாக்கினார். உண்மையான முற்றம் இருப்பவர்களுக்கு அந்த ஒளி இலவசமாகக் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: உச்சி வெயில்

திருமண மண்டபத்து வாசலிலும் கோயில் பிரகாரத்திலும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருப்பதில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அறியத் தரையில் நிழலைப் பாருங்கள். நிழல் ஆளைவிட நீளமாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. முகத்தில் விழும் நேர்வெயிலைக்கூடச் சமாளிக்கலாம். நிழல் ஆளைவிடக் குட்டையானால் கண்குழிகள் இருளத் தொடங்கும். சென்னையில் ஏப்ரல் கடைசியில் காலை ஒன்பது மணியளவிலேயே இந்த எல்லை வந்துவிடுகிறது. டிசம்பரில் பத்து மணி வரை நேரம் கிடைக்கும். டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் சுமார் 53 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் மார்கழி வெயிலில் எடுக்கும் படங்கள் சித்திரைப் படங்களைவிட எளிதாக அமைகின்றன.

எல்லை கடந்துவிட்டால் செய்யத்தக்கவை சில. கூரை நிழல் இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் சூரியனை ஆளின் முதுகுப் பக்கம் வையுங்கள். முகம் தன் நிழலிலேயே இருக்கும், தெர்மாகோலால் முன்னிருந்து நிரப்பலாம். இரண்டு பேர் உதவிக்கு இருந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்கச் சொல்லலாம். சட்டத்தில் கட்டிய இத்தகைய துணியைத்தான் படப்பிடிப்பில் ஸ்கிம்மர் என்கிறார்கள். மரநிழலை நம்பும்போது எச்சரிக்கை வேண்டும். வேம்பு, முருங்கை போன்றவற்றின் சிறிய இலைகளுக்கிடையே வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழுந்து படத்தைக் கெடுக்கும். அடர்ந்த மாமரத்தின் ஓரத்தில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துவதே சரி.

ஆறாம் படி: காலை, மாலை, மேகம்

பொன்வெயில் நேரத்தைப் பற்றிய குளிர்நாட்டுக் கணக்கு இங்கே பாதியாகிவிடும். லண்டனில் ஜூன் மாத மாலையில் சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி மேலிருந்து மறைவதற்கு ஏறத்தாழ 50 நிமிடம் ஆகிறது. சென்னையில் அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே உடை, இடம், நிற்கும் முறை எல்லாவற்றையும் முன்பே முடிவுசெய்து, முக்கியமான படங்களை முதலில் எடுத்துவிட வேண்டும். மெரினா போன்ற கிழக்குக் கடற்கரைகளில் மாலைச் சூரியன் நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் மறையும் என்பதையும் மறக்க வேண்டாம். கடலோடு பொன்வெயில் வேண்டுமென்றால் விடியற்காலையில்தான் போக வேண்டும். சூரியன் மறைந்தபின் மேற்கு வானம் சிறிது நேரம் பெரிய மென்மையான பரப்பாக ஒளிரும். பலர் கேமராவை மூடிவிடும் அந்தப் பத்து நிமிடத்தில் முகங்கள் மிக அழகாக அமைகின்றன.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தலைமுடியின் ஓரம் ஒளிரும்படி எடுக்கும்போது, லென்ஸுக்குள் நேரடியாக வெயில் படாமல் லென்ஸ் ஹூடாலோ கையாலோ மறையுங்கள்; இல்லையென்றால் படம் வெளிறிவிடும்.

மேகமூட்டம் உருவப்படத்துக்கு மிக நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்து மூடிய வானம் மென்மையானதுதான், ஆனால் அதன் ஒளி பெரும்பாலும் மேலிருந்தே இறங்குவதால் கண்கள் மங்கிப்போகும். முகவாயைச் சற்று உயர்த்தச் சொல்வது, மார்பளவில் வெள்ளை அட்டையைக் கிடையாகப் பிடிக்கச் சொல்வது, அல்லது திண்ணையோரத்துக்கே திரும்புவது ஆகியவற்றால் இதைச் சரிசெய்யலாம்.

ஏழாம் படி: கேமராவும் தோலின் நிறமும்

தொடக்கத்துக்கான அளவுகள் இவை. ஜன்னலோரத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/200 நொடி என்பதிலிருந்து தொடங்கலாம். திண்ணை நிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 4, 1/250 போதும். முகப்படத்துக்கு ஷட்டர் வேகத்தை 1/125க்குக் கீழே இறக்காமல், தேவையானால் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். அதனால் படத்தில் வரும் சிறு புள்ளிக்குறையை யாரும் கவனிக்க மாட்டார்கள், கலங்கிய கண்ணை எல்லோரும் கவனிப்பார்கள். கைப்பேசியானால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டி, பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அகலக் கோண லென்ஸோடு முகத்துக்கு மிக அருகில் போனால் மூக்கு பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி அளக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் உள்ள மாநிற முகத்தை அதனிடம் ஒப்படைத்தால், வெள்ளையைச் சாம்பலாக்கும் முயற்சியில் முகத்தைக் கரியாக்கிவிடும். இருண்ட பின்னணியில் கறுத்த முகமென்றால் எதிராக, தோலை வெளுக்கச் செய்துவிடும். இரண்டையும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற, வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பால் திருத்த வேண்டும்: முதல் நிலையில் ஒரு ஸ்டாப் வரை (அதாவது இருமடங்கு வரை) கூட்டியும், இரண்டாவதில் ஒரு ஸ்டாப் வரை (அதாவது பாதி வரை) குறைத்தும் பாருங்கள்.

கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. ஜன்னல் போன்ற பெரிய பரப்பிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளி நெற்றியிலும் கன்ன எலும்பிலும் நீண்ட மெல்லிய பளபளப்பாகத் தங்கி முகத்தின் வடிவத்தைத் தானே வரைந்துகொடுக்கும். அந்த ஒளிக்கோடு வெடித்து வெண்மையாகாதபடி அளவை வைத்துக்கொள்ளுங்கள். தோலை வெளுப்பாக்குவதற்காக ஒளியைக் கூட்டும் ஸ்டுடியோ வழக்கமும், கைப்பேசியில் முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும் அழகூட்டும் வசதியும் இந்த வடிவத்தைத்தான் முதலில் அழிக்கின்றன; அவ்வசதியை அணைத்துவிட்டே தொடங்குங்கள். விபூதி பூசிய நெற்றி, வெள்ளைக்கல் மூக்குத்தி, மூக்குக்கண்ணாடி ஆகிய மூன்றும் ஒளியை முதலில் வாரி இறைப்பவை. முதல் இரண்டுக்கும் அளவைச் சற்றுக் குறையுங்கள்; மூக்குக்கண்ணாடியானால் முகத்தைச் சிறிது தாழ்த்தினாலோ ஜன்னலை இன்னும் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனாலோ பிரதிபலிப்பு விலகும்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் (எண் கூடக்கூட நீலம் கூடும்) நேர்வெயில் ஏறத்தாழ 5500. நீலவானம் மட்டுமே ஒளி தரும் நிழலில் அது 7000ஐத் தாண்டும். நிழலில் எடுத்த முகம் நீலம் பாரித்துத் தெரிவது அதனால்தான். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ‘ஷேடு’ என்ற அமைப்பில் வைத்தால் தோலுக்கு அதன் வெதுவெதுப்பு திரும்பும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் இதைப் பிறகும் திருத்தலாம்.

எட்டாம் படி: பழகும் முறை

இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரே ஜன்னலையும் ஒரே ஆளையும் வைத்துப் பழகுவது விரைவில் பயன் தரும். காலை எட்டு மணி, பதினொன்று, மாலை நான்கு என மூன்று நேரங்களில், முகத்தின் மூன்று கோணங்களில், தெர்மாகோலோடும் இல்லாமலும் எடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் மாதம், நேரம், ஜன்னலின் திசை, வெயில் உள்ளே விழுந்ததா என்பதைக் குறித்துவையுங்கள். அதே ஜன்னலை மே மாதத்திலும் டிசம்பரிலும் எடுத்து ஒப்பிட்டால், சூரியன் வடக்கும் தெற்குமாக நகர்வது உங்கள் வீட்டுச் சுவரிலேயே தெரியும். ஓராண்டுக் குறிப்புகள் சேர்ந்துவிட்டால், சித்திரை மாதத்துப் பதினொரு மணிக்கு யாராவது வந்து படம் கேட்டாலும், எந்த அறையில், எந்தப் பக்கம் பார்த்து, எந்தக் கதவைச் சாத்தி அமர்த்துவது என்பதைக் குறிப்பேட்டைப் புரட்டியே சொல்லிவிடலாம்.